இயன் ஹோம்: மேடையிலும் திரையிலும் ஒரு குணச்சித்திர நடிகர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயன் ஹோம் யார்? எந்தப் படங்களில் அவரைப் பார்த்திருக்கக்கூடும்?

இயன் ஹோம் (1931–2020) இங்கிலாந்தின் மேடை, திரைப்பட, தொலைக்காட்சி, வானொலி நடிகர். பெயரைச் சொன்னால் உடனே நினைவுக்கு வராதவர்களுக்கும் முகத்தைக் காட்டினால் தெரிந்துவிடும். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களில், மோதிரத்தை விட்டுக்கொடுக்க மனம் வராமல் தவிக்கும் முதிய பில்போ பேகின்ஸ் அவர்தான். 'ஏலியன்' படத்தில் விண்கலத்தின் அறிவியல் அதிகாரியாக வரும் ஆஷ், 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்தின் ஓட்டப் பயிற்சியாளர், 'தி ஃபிஃப்த் எலிமென்ட்' படத்தின் பாதிரியார், 'தி டே ஆஃப்டர் டுமாரோ' படத்தில் பனிக்குள் சிக்கி அமைதியாக மரணத்தை எதிர்கொள்ளும் ஆய்வாளர், 'ராட்டட்டூயி' அனிமேஷன் படத்தில் சமையல்காரர் ஸ்கின்னரின் குரல் ஆகிய அனைத்தும் அவருடையவை. இத்தனையும் ஒரே மனிதர் என்று அறியும்போது பலருக்கு வியப்பு ஏற்படுகிறது. இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதும் அந்த வியப்புதான்.

ஷேக்ஸ்பியரின் அரசர்களாக நடித்த ஒருவரைக் குணச்சித்திர நடிகர் என்று சொல்வது பொருந்துமா?

பொருந்தும் என்பதே என் கருத்து. மேடையில் அவர் மன்னர் ஐந்தாம் ஹென்றியாகவும் மூன்றாம் ரிச்சர்டாகவும் லியராகவும் நடித்தார் என்பது உண்மை. ஆனால் திரையில் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நிலைப் பாத்திரங்கள். உயரம் ஏறத்தாழ ஐந்தரை அடிதான். காதல் நாயகனுக்குரிய தோற்றமும் அல்ல. இதைக் குறையாக அவர் கொள்ளவில்லை. லியருக்கு எவ்வளவு உழைத்தாரோ அதே உழைப்பைப் பத்து நிமிடம் வந்து போகும் மருத்துவருக்கும் கொடுத்தார். அதனால்தான் அவர் வரும் காட்சிகளில் கதைக்கு வெளியே அந்தப் பாத்திரத்துக்கு ஒரு வாழ்க்கை இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. அவருடைய நடிப்பின் சாரத்தை ஒரே சொல்லில் கூறச் சொன்னால் 'அடக்கம்' என்பேன். உணர்ச்சியைக் கொட்டாமல் உள்ளே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அது வெளியே வந்துவிடுமோ என்ற பதற்றத்தைப் பார்ப்பவரிடம் ஏற்படுத்துவது அவருடைய வழி.

அவருடைய பின்னணியும் பயிற்சியும் என்ன?

அவர் 1931 செப்டம்பர் 12 அன்று, அப்போது எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் இருந்த குட்மேஸ் என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவர்கள். இயற்பெயர் இயன் ஹோம் கத்பர்ட். தந்தை மனநல மருத்துவர். அவ்வூர் மனநல மருத்துவமனையின் பொறுப்பாளராக இருந்தவர். பின்னாளில் மனம் பிறழ்ந்தவர்களையும் அவர்களுக்குச் சிகிச்சை அளிப்பவர்களையும் மகன் நடித்துக் காட்டியபோது அந்தப் பாத்திரங்களில் மிகை இல்லாமல் இருந்ததற்கு இந்தச் சூழலும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கத் தோன்றுகிறது.

1950இல் லண்டனில் உள்ள ராயல் அகாடமி ஆஃப் டிராமாட்டிக் ஆர்ட் பள்ளியில் சேர்ந்தார். இடையில் கட்டாய ராணுவப் பணிக்காக ஆஸ்திரியாவில் இருக்க நேர்ந்தது. படிப்பை முடித்து 1954இல் ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டு நாடக அரங்கில் சேர்ந்தபோது கிடைத்தது, ஈட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கும் வேடம்.

ஸ்ட்ராட்ஃபோர்டில் அவர் எப்படி முன்னுக்கு வந்தார்?

படிப்படியாகத்தான் வந்தார். 1955இல் பீட்டர் புரூக் இயக்க, லாரன்ஸ் ஒலிவியே முதன்மை வேடம் ஏற்ற 'டைட்டஸ் ஆன்ட்ரோனிக்கஸ்' நாடகத்தில் சிறு வேடம் கிடைத்தது. 1959இல், முப்பது வயதைத் தொடும் முன்பே, சார்லஸ் லாட்டன் லியராக நடித்த நாடகத்தில் அரசவைக் கோமாளியாக நடித்தார். அரசனைச் சுற்றிச் சுற்றி வந்து உண்மையைச் சொல்லும் அந்த வேடத்தைப் பற்றிப் பின்னால் ஒரு பதிலில் மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

1960இல் இயக்குநர் பீட்டர் ஹால் ஸ்ட்ராட்ஃபோர்டு அரங்கின் பொறுப்பேற்று, மறு ஆண்டு அந்த அமைப்பு ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்று பெயர் பெற்றபோது, நடிகர்களை ஒரு பருவத்துக்கு மட்டும் அமர்த்தாமல் நீண்டகால ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்ளும் முறை வந்தது. இயன் ஹோமைப் போன்றவர்களை உருவாக்கியது அந்த முறைதான் என்று உறுதியாகச் சொல்லலாம். ஒரே குழு, ஆண்டுக்கணக்கில் ஒன்றாக ஒத்திகை, இன்று சிறு வேடம் என்றால் நாளை பெரிய வேடம். யார் எந்த வசனத்தில் மூச்சை எங்கே விடுவார் என்பதுகூட மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கும் அளவுக்குப் பழக்கம். கவிதை வசனத்தைப் பாடுவதுபோல நீட்டி முழக்காமல், பொருள் விளங்கும்படி, பேச்சைப்போலச் சொல்லும் பாணியை ஹாலும் அவருடன் பணியாற்றிய இயக்குநர் ஜான் பார்ட்டனும் வளர்த்தார்கள். இயன் ஹோமின் கூர்மையான, சுருக்கமான உச்சரிப்பு அந்தப் பாணிக்கு மிகவும் பொருந்தியது.

1963இல் ஷேக்ஸ்பியரின் வரலாற்று நாடகங்கள் நான்கைச் சுருக்கி மூன்றாக்கிய 'தி வார்ஸ் ஆஃப் தி ரோசஸ்' அரங்கேறியது. டேவிட் வார்னர் ஆறாம் ஹென்றியாகவும், பெகி ஆஷ்கிராஃப்ட் அரசி மார்கரெட்டாகவும் நடித்த அத்தொடரில் மூன்றாம் ரிச்சர்டாக வந்தவர் இவர். 1964இல் ஐந்தாம் ஹென்றியாகவும் நடித்தார். போர்க்களத்தில் முழங்கும் வெற்றி வீரனாக அல்லாமல், களைத்துப்போன தன் படைவீரர்களுக்கு நடுவே தானும் ஒருவனாக நிற்கும் அரசனாக ஹென்றி தெரிந்தான். 'தி வார்ஸ் ஆஃப் தி ரோசஸ்' பின்னர் பிபிசி தொலைக்காட்சிக்காகப் படமாக்கப்பட்டதால் அந்த ரிச்சர்டின் சாயலை இன்றும் காண முடிகிறது.

ஹரால்ட் பின்டரின் நாடகங்களோடு அவருக்கு என்ன தொடர்பு?

மிக நெருக்கமான தொடர்பு. ஷேக்ஸ்பியருக்கு அடுத்தபடியாக அவரைச் செதுக்கியவர் ஆங்கில நாடக ஆசிரியரான பின்டர் என்பது என் எண்ணம். 1965இல் லண்டன் ஆல்ட்விச் அரங்கில் பீட்டர் ஹால் இயக்கிய 'தி ஹோம்கமிங்' நாடகத்தில் லென்னி என்னும் பாத்திரத்தில் நடித்தார். வட லண்டனில் ஆண்கள் மட்டுமே வாழும் ஒரு வீடு. பல ஆண்டுகளுக்குப் பிறகு மூத்த மகன் மனைவியுடன் வருகிறான். அதன் பின் அந்த வீட்டில் யார் யாரை ஆள்வது என்ற போராட்டம் தொடங்குகிறது. லென்னி குரலை உயர்த்துவதில்லை. ஒரு தண்ணீர்க் குவளையை வைத்துக்கொண்டு அண்ணியிடம் பேசும் பேச்சிலேயே மிரட்டல் இருக்கிறது. பின்டரின் வசனத்தில் சொல்லுக்கு எவ்வளவு இடம் உண்டோ அவ்வளவு இடம் இடைவெளிக்கும் உண்டு. அந்த இடைவெளியில் எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் மனிதனை இயன் ஹோம் காட்டினார்.

1967இல் அந்நாடகம் நியூயார்க் பிராட்வேக்குச் சென்றது. அதற்காக அவருக்கு அமெரிக்க நாடக உலகின் டோனி விருது கிடைத்தது. 1973இல் ஹாலே அதைத் திரைப்படமாக்கியபோதும் லென்னியாக நடித்தார். 2001இல், டப்ளின் கேட் அரங்கம் அதே நாடகத்தை மீண்டும் மேடையேற்றியபோது, லென்னியின் தந்தையான மாக்ஸாக நடித்தார். மகனாக இருந்து தந்தையைச் சீண்டியவர், முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே வீட்டில் தந்தையாக அமர்ந்து சீண்டப்பட்டார். ஒரு நடிகனுக்கு இப்படி ஒரு வாய்ப்பு அரிதாகவே அமையும்.

அவர் பல ஆண்டுகள் மேடையை விட்டு விலகியிருந்தது ஏன்?

மேடை அச்சம்தான் காரணம். 1976இல் ஆல்ட்விச் அரங்கில் யூஜீன் ஓ'நீலின் 'தி ஐஸ்மேன் கமத்' நாடகத்தில் ஹிக்கி என்னும் முதன்மைப் பாத்திரம் அவருக்கு அளிக்கப்பட்டிருந்தது. மிக நீண்ட தனிப்பேச்சுகள் கொண்ட, நடிகரைப் பிழிந்தெடுக்கும் வேடம் அது. முன்னோட்டக் காட்சிகளின்போது அவரால் தொடர முடியாமல் போயிற்று. மேடையை விட்டு இறங்கியவர் மீண்டும் அந்த வேடத்துக்குத் திரும்பவில்லை. அடுத்த ஏறத்தாழ பதினேழு ஆண்டுகளில், 1979இல் ஹாம்ப்ஸ்டெட் அரங்கில் செக்காவின் 'வான்யா மாமா' போன்ற மிகச் சில முயற்சிகள் தவிர, மேடைப் பக்கம் அவர் வரவில்லை.

இதைப் பலவீனமாகப் பார்ப்பது நியாயமன்று. ஒவ்வொரு மாலையும் நூற்றுக்கணக்கானவர்கள் முன்னால், திருத்திக்கொள்ள வழியே இல்லாமல், இரண்டு மூன்று மணி நேரம் மனத்தைத் திறந்துவைப்பது சாதாரணச் செயல் அன்று. இருபது ஆண்டுகளுக்கு மேல் அதைச் செய்தவருக்குத்தான் இப்படி நேர்ந்தது. அதைத் தம் தன்வரலாற்று நூலில் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஒலிவியேயும் ஒரு காலத்தில் இதே அச்சத்தால் அவதிப்பட்டவர்தான்.

அந்த விலகல் அவருடைய திரை வாழ்க்கையை எப்படி மாற்றியது?

அதுவரை அவர் திரையில் அவ்வப்போது தலைகாட்டியவர்தான். 1968இல் வந்த 'தி போஃபர்ஸ் கன்' படத்துக்காகத் துணை நடிகருக்கான, பிரிட்டனின் பாஃப்டா திரைப்பட விருதையும் பெற்றிருந்தார். 1976க்குப் பிறகு கேமராவே அவருடைய முதன்மைக் களமாயிற்று. 1978இல் பிபிசியின் 'தி லாஸ்ட் பாய்ஸ்' என்னும் மூன்று பகுதித் தொடரில், பீட்டர் பேன் கதையைப் படைத்த ஜே. எம். பேரியாக நடித்தார். குழந்தைகளிடம் மட்டுமே இயல்பாக இருக்கத் தெரிந்த, துயரத்தை விளையாட்டாக மாற்றிக்கொள்ளும் எழுத்தாளரை அவர் காட்டிய விதம் நெஞ்சைப் பிசைவது. அவருடைய தொலைக்காட்சிப் பணிகளில் இதையே நான் முதலிடத்தில் வைப்பேன்.

'ஏலியன்' படத்தில் ஆஷ் பாத்திரம் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

படம் பார்க்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிச் செல்லலாம். கதையின் முக்கியத் திருப்பம் இதில் வருகிறது. 1979இல் ரிட்லி ஸ்காட் இயக்கிய இப்படத்தில் ஆஷ் மனிதன் அல்லன், மனித உருவில் செய்யப்பட்ட இயந்திரம் என்பது படத்தின் பிற்பகுதியில்தான் வெளிப்படுகிறது. அதுவரை அதை யாரும் கண்டுபிடிக்கக் கூடாது. வெளிப்பட்ட பிறகு, 'ஆம், முன்பே தெரிந்திருக்க வேண்டும்' என்று அனைவரும் உணர வேண்டும். இந்த இரண்டையும் ஒருசேரச் சாதிப்பது எளிதன்று.

இயன் ஹோம் இயந்திரத்தைப்போல நடக்கவோ விறைப்பாகப் பேசவோ இல்லை. சக ஊழியர்கள் பதறும்போது அவர் பதறுவதில்லை, அவ்வளவுதான். கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக நின்றபடி, கால்களை உதறிக்கொண்டு நின்ற இடத்திலேயே சிறு ஓட்டம் ஓடும் ஒரு கணம் உண்டு. முதன்முறை பார்க்கும்போது சோம்பல் முறிப்பதாகத் தோன்றும். இரண்டாம் முறை பார்க்கும்போது, உடலைச் சோதித்துப் பார்க்கும் கருவியாகத் தெரியும். பின்னர் நெற்றியில் வழியும் ஒரு துளி வெண்ணிறத் திரவம் அனைத்தையும் சொல்லிவிடுகிறது. துண்டிக்கப்பட்ட தலையாக மேசைமேல் கிடந்து, உயிர்பிழைக்க வழியில்லை என்று ஊழியர்களிடம் சொல்லும்போது அந்த முகத்தில் தெரியும் மெல்லிய அனுதாபம், படத்தில் வரும் கொடிய விலங்கைவிட அதிகமாக அச்சுறுத்துகிறது.

ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது எந்தப் படத்துக்காக?

1981இல் வந்த 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்துக்காக. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் வென்ற ஹரால்ட் ஏப்ரகாம்ஸின் பயிற்சியாளர் சாம் முசபினியாக அவர் நடித்தார். பணம் பெற்றுப் பயிற்சி அளிப்பவரை அன்றைய விளையாட்டு உலகம் மதிக்கவில்லை. ஆகவே தம் சீடன் ஓடும் நாளில் முசபினி அரங்கத்துக்குள் இல்லை. விடுதி அறையின் சன்னலருகே தனியே இருக்கிறார். போட்டியின் முடிவு அவருக்குத் தெரியாது. தொலைவில் பிரிட்டனின் கொடி ஏறுகிறது, நாட்டுப் பண் கேட்கிறது. எழுந்து நிற்கிறார். பிறகு கட்டிலில் அமர்ந்து, தம் வைக்கோல் தொப்பியின் உச்சியைக் கையால் குத்திக் கிழிக்கிறார். அந்த ஒரு செய்கையில் பல ஆண்டு உழைப்பும், புறக்கணிப்பும், ஆனந்தமும் சேர்ந்து வெடிக்கின்றன. அதுவரை அவர் அடக்கி வைத்திருந்ததால்தான் அந்தக் குத்து நம்மையும் உலுக்குகிறது.

ஆஸ்கர் அவ்வாண்டு ஜான் கீல்குட்டுக்குச் சென்றது. ஆனால் இதே வேடத்துக்காக பிரான்சின் கான் திரைப்பட விழாவின் துணை நடிகர் விருதும் பாஃப்டா விருதும் இவருக்குக் கிடைத்தன.

வரலாற்று மனிதர்களாக அவர் அதிகம் நடித்தாரா?

ஆம். நெப்போலியனாக மட்டும் மூன்று முறை நடித்திருக்கிறார்: 1974இல் ஒரு தொலைக்காட்சித் தொடர், 1981இல் 'டைம் பாண்டிட்ஸ்', 2001இல் 'தி எம்பரர்ஸ் நியூ கிளோத்ஸ்'. 1978இல் 'ஹோலோகாஸ்ட்' தொடரில் நாஜி அதிகாரி ஹிம்லராகவும், 1985இல் 'ட்ரீம்சைல்டு' படத்தில் ஆலிஸ் கதையை எழுதிய லூயிஸ் கரோலாகவும் நடித்தார்.

இவற்றில் தனியே குறிப்பிட வேண்டியது 1994இல் வந்த 'தி மேட்னஸ் ஆஃப் கிங் ஜார்ஜ்' படத்தின் மருத்துவர் வில்லிஸ். புத்தி பேதலித்த மன்னர் மூன்றாம் ஜார்ஜின் கண்களை நேருக்கு நேர் பார்த்தே அவரை அடக்கும் மருத்துவர் அவர். மன்னரை நாற்காலியில் கட்டிவைக்க ஆணையிடும்போதுகூட அவரிடம் கோபமும் இல்லை, கொடுமையில் இன்பமும் இல்லை; செய்ய வேண்டியதைச் செய்கிறோம் என்ற உறுதி மட்டுமே இருக்கிறது. அது கருணையா, அதிகாரமா என்ற முடிவை நம்மிடமே விட்டுவிடுகிறார். மன்னராக நடித்த நைஜல் ஹாதார்னின் புயலுக்கு இந்த அசையாமை தேவைப்பட்டது.

திரையில் அவர் கதாநாயகனாக நடித்ததே இல்லையா?

நடித்திருக்கிறார். அவற்றில் சிறந்தது, கனடா இயக்குநர் ஆட்டம் இகோயனின் 'தி ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்' (1997). பள்ளிப் பேருந்து விபத்தில் குழந்தைகளைப் பறிகொடுத்த ஒரு சிற்றூருக்கு, வழக்குத் தொடுக்கச் சொல்லி வரும் வழக்கறிஞர் மிட்செல் ஸ்டீவன்ஸ் அவர். அவருடைய சொந்த மகளோ போதைப் பழக்கத்தில் தொலைந்துகொண்டிருக்கிறாள்.

விமானத்தில் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் அவர் சொல்லும் ஒரு பழைய நிகழ்ச்சிதான் படத்தின் இதயம். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது சிலந்திக் கடியால் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கிறது. மருத்துவமனை தொலைவில் இருக்கிறது. வழியில் மூச்சு நின்றால் தொண்டையைக் கீறித் திறக்கத் தயாராக ஒரு கையில் சிறு கத்தியைப் பிடித்தபடி, குழந்தை பதறக் கூடாதென்று தாலாட்டுப் பாடிக்கொண்டே செல்கிறார். இதைச் சொல்லும்போது அவர் அழுவதில்லை, குரல் உடைவதும் இல்லை. முகத்தைக் காட்டுவதைத் தவிர கேமராவும் பெரிதாக எதுவும் செய்வதில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் நமக்குத்தான் நெஞ்சு அடைக்கிறது. இப்படத்துக்குக் கான் விழாவில் கிராண்ட் பிரீ விருதும், அவருக்குக் கனடாவின் ஜீனி விருதும் கிடைத்தன.

மேடைக்கு அவர் எப்படித் திரும்பினார்?

திரும்ப அழைத்து வந்ததும் பின்டரின் எழுத்துதான். 1993இல் லண்டன் அல்மெய்டா அரங்கில் 'மூன்லைட்' நாடகம் முதன்முதலாக மேடையேறியபோது, மரணப் படுக்கையில் கிடந்தபடி வாழ்க்கையை ஏசும் ஆண்டி என்னும் முதியவராக நடித்தார். நெடுங்காலம் அஞ்சி விலகியிருந்தவர், எழுந்து நடக்கவே முடியாத ஒரு மனிதராக மேடைக்கு மீண்டது எனக்கு எப்போதும் பொருள் நிறைந்ததாகத் தோன்றும்.

அடுத்தது லியர். 1997இல் நேஷனல் தியேட்டரின் மூன்று அரங்குகளில் மிகச் சிறியதான காட்டஸ்லோவில் ரிச்சர்ட் ஐர் அதை இயக்கினார். அரண்மனைப் பிரம்மாண்டம் எதுவும் இல்லை. பார்வையாளர்கள் கையெட்டும் தொலைவில் இருந்தார்கள். ஆகவே லியர் ஒரு நாட்டின் அரசன் என்பதைவிட, மகள்களை அன்பாலும் கோபத்தாலும் ஆட்டிப்படைத்த ஒரு குடும்பத் தலைவனாகத் தெரிந்தான். சிறிய உடல், பெரிய சினம். புயல் காட்சியில் ஆடை முழுவதையும் களைந்து, அறுபத்தைந்து வயது உடலை அப்படியே பார்வையாளர் முன் நிறுத்தினார். மேடையைக் கண்டு நடுங்கி விலகிய ஒருவர், மறைத்துக்கொள்ள எதுவுமே இல்லாமல் அங்கே நின்றார். ஒருகாலத்தில் லாட்டனின் லியருக்குக் கோமாளியாக நின்றவருக்கு இப்போது மைக்கேல் பிரையன்ட் கோமாளியாக நின்றார். 1998இல் இந்த வேடத்துக்காக, பிரிட்டனின் நாடக விருதான ஒலிவியே விருது பெற்றார். அதே ஆண்டில் அவருக்கு 'சர்' பட்டமும் வழங்கப்பட்டது.

பில்போ வேடத்துக்கு முன்பே டோல்கீன் கதையில் அவர் நடித்திருந்தார் என்பது உண்மையா?

உண்மை. 1981இல் பிபிசி வானொலி 26 பகுதிகளாக ஒலிபரப்பிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாடகத்தில் அவர், மோதிரத்தைச் சுமந்து செல்லும் நாயகன் ஃபுரோடோவுக்குக் குரல் கொடுத்தார். அதில் ஃபுரோடோவின் தோழன் சாமாகப் பேசியவர், பின்னாளில் புகழ்பெற்ற பில் நை. மோதிரத்தின் சுமையைக் குரலால் சுமந்தவர், இருபது ஆண்டுகளுக்குப் பிறகு பீட்டர் ஜாக்சனின் படத்தில் அதே மோதிரத்தைக் கைவிட முடியாத முதியவராக வந்தார். ரிவென்டெலில் ஃபுரோடோவின் கழுத்தில் மோதிரத்தைக் கண்டதும் ஒரு நொடி பேராசையால் கோரமாகும் முகத்தைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். எனக்கு அதைவிட முக்கியமானது அதற்கு அடுத்த நொடி: தான் செய்ததை உணர்ந்து, கூனிக் குறுகி, அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்கும் கிழவர். முதல் நொடியில் தொழில்நுட்பத்தின் கையும் இருக்கிறது. இரண்டாவது முழுக்க முழுக்க நடிகருடையது.

'தி ஹாபிட்' படங்களிலும் முதிய பில்போவாகச் சிறிது நேரம் வந்தார். பார்கின்சன் நோயால் நியூசிலாந்துக்குப் பயணம் செய்ய இயலாத நிலையில், அக்காட்சிகள் இங்கிலாந்திலேயே எடுக்கப்பட்டன. 2014இல் வந்த மூன்றாம் பாகமே அவருடைய கடைசித் திரைப்படம். 2020 ஜூன் 19 அன்று, 88ஆம் வயதில், லண்டனில் காலமானார்.

மறைவுக்குப் பிறகு வந்த படத்தில் அவருடைய முகம் எப்படி?

2024இல் வந்த 'ஏலியன்: ராமுலஸ்' படத்தில், ஆஷைப் போன்ற மற்றோர் இயந்திர மனிதன் அவருடைய முக அமைப்புடன் வருகிறான். டேனியல் பெட்ஸ் என்னும் நடிகரின் நடிப்பு, இயந்திரப் பொம்மை, கணினி நுட்பம் ஆகியவற்றைச் சேர்த்து அது உருவாக்கப்பட்டது. அவருடைய குடும்பத்தின் இசைவோடுதான் செய்யப்பட்டது என்றாலும், எனக்கு அது உவப்பாக இல்லை. இயன் ஹோமின் முகத்தில் நாம் பார்த்தது தோலின் அமைப்பை அல்ல. சொல்லுக்கு முன்னால் அவர் எடுத்துக்கொள்ளும் சிறு தாமதத்தை, ஒரு எண்ணத்தை மாற்றிக்கொள்ளும் கண்களை. அவை அச்சு எடுத்து ஒட்டக் கூடியவை அல்ல.

எந்த வரிசையில் பார்க்கத் தொடங்கலாம்?

பில்போவை ஏற்கெனவே அறிந்தவர்கள் 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்தில் தொடங்குவது நல்லது. பிறகு 'தி மேட்னஸ் ஆஃப் கிங் ஜார்ஜ்', அதன்பின் மனம் திடமாக இருக்கும் ஒரு நாளில் 'தி ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்'. பின்டரின் மொழி பழக்கமில்லாதவர்களுக்கு 1973ஆம் ஆண்டின் 'தி ஹோம்கமிங்' முதலில் புதிராக இருக்கும். லென்னி பேசாமல் இருக்கும் இடங்களைக் கவனித்துக்கொண்டே பார்த்தால் வழி திறக்கும். லியரை 1998இல் பிபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பிய வடிவத்தில் பார்க்கலாம். அதை மட்டும், நாடகத்தின் கதையை ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அடுத்து என்ன நடக்கும் என்ற கவலை இல்லாதபோதுதான் அந்த முகத்தில் நடப்பதை முழுவதும் கவனிக்க முடிகிறது.